நான்காவது மணி நேரம்: பொதுத் தேர்வும் மெதுவாக எழுதும் மாணவரும்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக்கும் நடைபெறும் பொதுத் தேர்வுகள் காலை 10 மணிக்கு வினாத்தாள் வழங்குவதோடு தொடங்குகின்றன. வினாத்தாளைப் படித்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிடமும், விடைத்தாளின் முகப்புச் சீட்டில் அச்சிடப்பட்ட விவரங்களைச் சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடமும் போக, 10.15 முதல் 1.15 வரையிலான மூன்று மணி நேரம் விடை எழுதுவதற்கென ஒதுக்கப்படுகிறது. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை இயக்கத் தடை, மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு முதலிய காரணங்களைக் காட்டி அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் ஆணையைப் பெற்ற மாணவருக்கு மட்டும் அந்நேரம் 2.15 வரை நீள்கிறது. இந்த நான்காவது மணி நேரம் எந்தச் சட்டத்திலிருந்து வந்தது, யாரிடம் போய்ச் சேர்கிறது, சேர்ந்தபின் அதனால் விளையும் பயன் எத்தகையது என்பவற்றை ஆராய்வதே இச்சொற்பொழிவின் பொருளாகும். ஆராய்ச்சிக்குரிய களமாகச் சேத்தியாத்தோப்பு கொள்ளப்படுகிறது. கடலூர் மாவட்டம் புவனகிரி வட்டத்தில், வெள்ளாற்றின் அணைக்கட்டும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அமைந்து, விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையும் சிதம்பரம்–விருத்தாசலம் சாலையும் சந்திக்கும் இப்பேரூர், நெல்லும் கரும்பும் விளையும் சுற்றுவட்டச் சிற்றூர்களின் பிள்ளைகள் பேருந்தேறி வந்து படிக்கும் இடமாதலால், சென்னையில் எழுதப்படும் விதி கடைசிப் பெஞ்சை அடையும்போது என்ன உருவம் கொள்கிறது என்பதைக் காண்பதற்கு ஏற்றது.

தேர்வைப் பற்றிய ஆய்வு நூல்கள் விரைவுத் தேர்வு, ஆற்றல் தேர்வு என இரு வகைகளைப் பிரித்துப் பேசும். குறித்த நேரத்துக்குள் எத்தனை வினாக்களை முடிக்க முடிகிறது என்பதையே அளப்பது விரைவுத் தேர்வு. தட்டச்சுத் தேர்வு அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நேரம் பொருட்டாகாமல், வினாவின் கடினத்தை எதிர்கொள்ளும் அறிவை மட்டும் அளப்பது ஆற்றல் தேர்வு. பள்ளிப் பாடத் தேர்வு இரண்டாவது வகையைச் சார்ந்தது என்பதே அதை நடத்துவோரின் கருத்து. வேதியியலில் நூறு மதிப்பெண் பெற்றவர் வேதியியல் அறிந்தவர் என்றுதான் சான்றிதழ் சொல்கிறதே தவிர, வேகமாக எழுதக்கூடியவர் என்று சொல்வதில்லை. ஆயினும் நடைமுறையில் எல்லாப் பாடத் தேர்வுகளிலும் விரைவு ஓரளவு கலந்தே இருக்கிறது. அக்கலப்பு பெரும்பாலான மாணவருக்குச் சிறு இடையூறாகவும், கண்ணால் எழுத்தைப் பற்றுவதிலோ கையால் எழுத்தை வரைவதிலோ தடையுள்ள மாணவருக்குத் தேர்வின் முடிவையே மாற்றிவிடும் இடையூறாகவும் அமைவதனால்தான் கூடுதல் நேரம் என்னும் ஏற்பாடு தேவைப்பட்டது. அது பரிசன்று, பாடத்துக்குத் தொடர்பில்லாத ஒன்றை அளவீட்டிலிருந்து கழிக்கும் முறை.

இந்தியச் சட்டத்தில் இம்முறை மெல்லவே வேரூன்றியது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது; எழுத்துகளை இனங்கண்டு வாசிப்பதில் ஏற்படும் டிஸ்லெக்சியா, எழுதுவதில் ஏற்படும் டிஸ்கிராஃபியா, எண்களைக் கையாள்வதில் ஏற்படும் டிஸ்கால்குலியா ஆகிய மூன்றும் அடங்கிய கற்றல் குறைபாடு அந்த ஏழில் இடம்பெறவில்லை. அச்சட்டம் இயற்றப்படுவதற்கு முன்பே, 1991இல், சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றி, பெற்றோரும் ஆசிரியரும் இக்குறைபாட்டைப் பெயர் சொல்லி அறியும் நிலையை உருவாக்கத் தொடங்கியிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சட்டம் பின்னால் வந்தது. 2013 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகம் எழுத்துத் தேர்வுகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டு, ஒரு மணி நேரத் தேர்வுக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய்யும் நேரம் தரப்பட வேண்டும் என வரையறுத்தது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கு இதனோடு பொருந்துகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் குறைபாடுகளின் வகைகளை இருபத்தொன்றாக உயர்த்திக் கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்ததோடு, தேர்வில் கூடுதல் நேரம் வழங்குதல், சொல்வதை எழுதுபவரை அமர்த்துதல், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்களித்தல் ஆகியவற்றை அரசின் கடமைகளுள் ஒன்றாகத் தன் 17ஆம் பிரிவில் பெயர் சுட்டியே எழுதிவைத்தது. அதற்கு முந்தைய 16ஆம் பிரிவு, ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்பத் தக்க ஏற்பாடு செய்து தருவதும் கற்றல் குறைபாட்டை இயன்ற அளவு இளமையிலேயே கண்டறிவதும் கல்வி நிறுவனங்களின் பொறுப்பு என்கிறது. தக்க ஏற்பாடு என்பது, நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், ஒருவர் மற்றவரோடு சமமாகப் பங்கேற்பதற்கு வேண்டிய மாற்றத்தைச் செய்து தருவதாகும்.

சட்டம் வந்தபின் எழுந்த முதன்மையான சிக்கல் நாற்பது விழுக்காடு என்னும் வரம்பு. வேலை ஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்குக் குறைபாடு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் கூறுவதை, தேர்வு நடத்தும் அமைப்புகள் கூடுதல் நேரத்துக்கும் எழுதுபவருக்கும் பொருத்திக்கொண்டன. 2018 ஆகஸ்டில் வந்த திருத்தப்பட்ட நெறிமுறைகளும் அவ்வரம்பை எட்டியோரைப் பற்றியே பேசின. விகாஷ் குமார் எதிர் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் என்னும் வழக்கில், எழுதும்போது கை இறுகிப்போகும் நோயுடைய தேர்வர் ஒருவருக்கு எழுதுபவர் மறுக்கப்பட்டதை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 2021 பிப்ரவரி 11 அன்று, தக்க ஏற்பாட்டுக்கும் நாற்பது விழுக்காட்டு வரம்புக்கும் தொடர்பில்லை என்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 2022 ஆகஸ்டு 10 அன்று வரம்புக்குக் குறைவான குறைபாட்டோடு எழுதுவதில் இடர்ப்படுவோருக்கென்று தனி நெறிமுறைகள் வந்தன. 2025 பிப்ரவரி 3 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, வரம்பை எட்டியோர் பெறும் தேர்வு வசதிகள் எல்லா மாற்றுத்திறனாளித் தேர்வர்க்கும் உரியன என்று மேலும் தெளிவுபடுத்தியது.

இவற்றினும் பள்ளிக்கு நெருக்கமான பாடத்தைத் தருவது 2021 நவம்பர் 23 அன்று முடிவான மற்றொரு வழக்கு. டிஸ்கிராஃபியா உடைய மாணவி ஒருவர், உரிய சான்றிதழோடு அவ்வாண்டு நீட் தேர்வை எழுதச் சென்றபோது, கூடுதல் ஒரு மணி நேரம் அவருக்கு விதிப்படி உரியதாக இருந்தும், தேர்வு மையத்தில் இருந்தோர் அவ்விதியை அறியாமையால் மூன்று மணி நேரம் முடிந்ததும் விடைத்தாளை வாங்கிக்கொண்டனர். மறுதேர்வு நடத்துமாறு ஆணையிட நீதிமன்றம் உடன்படவில்லையெனினும், பல லட்சம் பேர் எழுதும் தேர்வு என்பதைக் காரணமாக்கி ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறந்துவிடலாகாது என்று கூறி, தேசியத் தேர்வு முகமை பரிகாரம் காண வேண்டும் எனப் பணித்தது. அங்கே இல்லாதிருந்தது சட்டமன்று. தன் முன்னால் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் உரியது என்று தெரிந்த ஓர் அறைக் கண்காணிப்பாளர்.

சேத்தியாத்தோப்பில் படிக்கும் ஒரு மாணவர் இந்த ஒரு மணி நேரத்தைப் பெறுவதற்குக் கடக்க வேண்டிய வழியை இனிக் காணலாம். உடற்குறைபாடோ பார்வைக் குறைபாடோ உடையவராயின் வழி ஓரளவு தெளிவானது: மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளிக்குரிய தேசிய அடையாள அட்டையும் குழந்தைப் பருவத்திலேயே பெறப்பட்டிருக்கக் கூடும், தலைமையாசிரியர் அவற்றை இணைத்து முதன்மைக் கல்வி அலுவலகம் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் அனுப்புவார், ஆணை வந்தபின் தேர்வு மையத்தில் தரைத்தளத்து அறையும் கூடுதல் நேரமும் ஒதுக்கப்படும். கற்றல் குறைபாடு உடையவருக்கோ வழி தொடங்குமிடமே தெரிவதில்லை. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறைகள், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் முதற்கட்டச் சோதனையைச் செய்யும் பொறுப்பை ஆசிரியரிடமே ஒப்படைத்தன. ஐயத்துக்குரிய பிள்ளையை அதன்பின் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பார்க்க வேண்டும். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைக் கொண்டு குறைபாடு உறுதிசெய்யப்பட வேண்டும். எட்டு வயதில் வழங்கும் சான்றைப் பதினான்கிலும் பதினெட்டிலும் மீண்டும் ஆராய வேண்டும். மருத்துவர், உளவியலாளர், கல்வியாளர் மூவரும் ஒருங்கே கூடும் இடம் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரியோ ஆகும். சேத்தியாத்தோப்பிலிருந்து கடலூர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். சிதம்பரம் அதில் பாதித் தொலைவு. கரும்பு வெட்டுக்கோ நாற்று நடவுக்கோ செல்லும் தாய் ஒருவர், உடலில் எந்தக் குறையும் வெளியே தெரியாத பிள்ளையை அழைத்துக்கொண்டு, நாட்கூலியை இழந்து, ஒருமுறைக்கு மேல் அங்கே போய்வர வேண்டுமாயின், போவதற்கான காரணத்தை யாரேனும் அவருக்கு நம்பும்படி எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த யாரேனும் வகுப்பாசிரியரைத் தவிர வேறொருவராக இருக்க முடியாது.

அருகிலுள்ள நெய்வேலி நகரியத்தின் நிலை இதனின் வேறுபட்டது. 1956இல் தொடங்கப்பட்ட நிலக்கரி நிறுவனத்தின் பொது மருத்துவமனையும், நிறுவனம் சார்ந்த பள்ளிகளும், ஒன்றியக் கல்வி வாரியப் பாடத்திட்டப் பள்ளிகளும் ஒரே வளாகச் சாலைகளில் அமைந்துள்ளன. மாதச் சம்பளம் பெறும் பெற்றோர், பிள்ளை வாசிக்கத் தடுமாறினால் மருத்துவரைக் கேட்பதற்குப் பழகியவர்கள். ஒன்றிய வாரியமும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு அறுபது நிமிடத்தைக் கூடுதலாக வழங்குகிறது. ஆகவே இரண்டு ஊர்களின் பிள்ளைகளுக்கும் காகிதத்தில் உள்ள உரிமை ஒன்றே. இருபது கிலோமீட்டர் இடைவெளிக்குள் அவ்வுரிமையை எட்டிப்பிடிப்பதற்கான வாய்ப்பு மட்டும் மாறிவிடுகிறது.

வகுப்பாசிரியரின் கண்ணுக்கு இக்குறைபாடு எளிதில் தென்படாமல் போவதற்குத் தமிழ் எழுத்துமுறையின் இயல்பும் ஒரு காரணம் என்பது இதுவரை போதிய கவனம் பெறாத செய்தியாகும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கற்றதாதலின், டிஸ்லெக்சியா உடைய பிள்ளை ஆங்கிலச் சொல்லைத் தவறாக வாசிக்கிறது, தவறு காதில் விழுகிறது, ஆசிரியர் ஐயுறுகிறார். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துச்செல்லும் மொழிகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹைன்ஸ் விம்மர் 1990களில் ஜெர்மன் மொழி பேசும் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகள், இக்குறைபாடு உடையவர்கள் சொற்களைப் பெரும்பாலும் சரியாகவே வாசித்தனர் என்றும், வாசிக்க எடுத்துக்கொண்ட நேரமே மிக நீண்டிருந்தது என்றும் காட்டின. 2001இல் பாவுலேசுவும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, இத்தாலிய மொழியினர் ஆங்கில, பிரெஞ்சு மொழியினரைவிடக் குறைந்த பிழையோடு வாசித்தாலும், மூளையில் செயல் குன்றியிருந்த பகுதி மூன்று மொழியினர்க்கும் ஒன்றே என்று நிறுவியது. தமிழ் எழுத்துமுறை இவ்விருவகையுள் ஜெர்மனுக்கும் இத்தாலியத்துக்கும் அருகில் நிற்பது. ககரம் இடத்துக்கேற்ப ஒலி மாறுவது போன்ற சில நெகிழ்ச்சிகள் உண்டெனினும் அவையும் பெரும்பாலும் விதிக்கு உட்பட்டவை. ஆகவே எழுத்துக் கூட்டியேனும் சரியாக வாசித்து முடிக்கும் தமிழ்வழிப் பிள்ளையிடம் ஆசிரியர் காண்பது பிழையை அன்று, மந்தத்தை. மந்தத்துக்கு நம் வகுப்பறைகளில் வழங்கும் பெயர் சோம்பல்.

எழுதும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. 247 எழுத்துகளின் வடிவங்களைக் கை நினைவில் வைத்திருப்பதும், கொம்பை மெய்க்கு முன்னே எழுதிவிட்டு அதன் ஒலியைப் பின்னே சொல்வதும், ‘கொ’ போன்ற எழுத்தில் மெய்யின் இருபுறமும் குறியிடுவதும், ரகர றகரங்களையும் லகர ளகர ழகரங்களையும் நகர னகர ணகரங்களையும் வேறுபடுத்துவதும் எல்லாப் பிள்ளைக்கும் உழைப்பைக் கேட்பவை. எல்லாரும் பிழை செய்வதனால் இப்பிள்ளையின் பிழை கூட்டத்தில் மறைந்துவிடுகிறது. அதற்குமேல், வீட்டில் ‘போறேன்’ என்று சொல்வதை விடைத்தாளில் ‘செல்கிறேன்’ என்று மாற்றும் வேலை ஒவ்வொரு வரியிலும் உண்டு. சரளமாக எழுதுபவர்க்கு இம்மாற்றம் தானே நிகழ்ந்துவிடும். எழுத்தின் வடிவத்துக்கே முழுக் கவனத்தையும் செலவிடுபவர்க்கு ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை செய்யும் வேலையாகிறது. தமிழில் இக்குறைபாட்டின் முதன்மையான அடையாளம் நேரமே என்றால், தமிழ்வழி மாணவர்க்கே கூடுதல் நேரம் மற்றெந்த உதவியைவிடவும் பொருந்துவதாகும். அவரைக் கண்டறியும் கருவிகளோ அவர் மொழியில் எளிதில் கிடைப்பதில்லை. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கென வெளியிட்ட டாலி என்னும் சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில் அமைந்தது. உலகின் எந்த நாட்டிலும் பள்ளி வயதினருள் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர்வரை ஏதேனும் ஒருவகைக் கற்றல் குறைபாடு உடையவராக இருக்கலாம் என்பது உளமருத்துவக் கையேடுகளின் மதிப்பீடு. நாற்பது பேர் அமரும் வகுப்பில் குறைந்தது இருவர் என்று இதற்குப் பொருள்.

கூடுதல் நேரம் நேர்மையானதா என்ற கேள்வியைப் புறந்தள்ளிவிட இயலாது; அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட நோக்கமின்றியே கேட்கின்றனர். நேரம் கிடைத்தால் எல்லாப் பிள்ளையும்தானே கூடுதலாக எழுதும் என்பது அவர்கள் வாதம். இதை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், குறைபாடுடையோர் அடையும் ஏற்றம் மற்றவர் அடையும் ஏற்றத்தைவிடப் பெரியதா என்பதை அளவுகோலாகக் கொண்டனர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சிரெசி குழுவினர் 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கூடுதல் நேரத்தால் இரு சாராரும் பயன்பெறக் கூடுமெனினும் குறைபாடுடையோர் பெறும் பயன் கூடுதலானது என்ற முடிவுக்கு வந்தனர். மற்றவர்க்கும் ஓரளவு பயன் உண்டு என்னும் செய்தி சலுகைக்கு எதிரான சான்றாகக் காட்டப்படுவதுண்டு. உண்மையில் அது வினாத்தாளுக்கு எதிரான சான்று. எல்லார்க்கும் நேரம் போதாத வினாத்தாள் நேரத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. 2019–20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பில் இரு தாள்கள் ஒன்றாக்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் தேர்வு நேரம் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணியாக உயர்த்தப்பட்டது; அதனால் தேர்வின் மதிப்பு குறைந்துவிட்டதாக ஒருவரும் வருந்தவில்லை.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரே மூன்று மணி நேரத் தாளுக்கு இங்கிலாந்தில் வழக்கமாகத் தரப்படும் கால்பங்கு 45 நிமிடம். இந்தியாவில் மூன்றில் ஒரு பங்கு 60 நிமிடம். அமெரிக்காவில் பரவலாக வழங்கும் பாதிப்பங்கு 90 நிமிடம். ஒரே பிள்ளையின் ஒரே கைக்கு மூன்று நாடுகள் மூன்று கணக்குச் சொல்கின்றன என்றால், இவை அளந்து கண்ட எண்களல்ல, ஒப்புக்கொண்ட எண்கள் என்பது தெளிவு. விரலால் பிரெய்லி புள்ளிகளைத் தடவி வாசிப்பவரின் தேவையும், அரை மணிக்கொருமுறை கைவலி கண்டு ஓய்வு வேண்டுபவரின் தேவையும் ஒன்றல்ல; பின்னவர்க்கு இன்னும் ஒரு மணி எழுதச் சொல்வது இன்னும் ஒரு மணி வலியைத் தருவதேயாகும். இங்கிலாந்தில் அத்தகையோர்க்குக் கடிகாரத்தை நிறுத்திவைத்து இடைஓய்வு தரும் வழக்கம் உண்டு. நம் சட்டத்தின் 16ஆம் பிரிவு தனியொருவரின் தேவை என்றே பேசுகிறது. நடைமுறையோ எல்லார்க்கும் ஒரு மணி என்று நின்றுவிடுகிறது.

சலுகை தவறாகப் பயன்படும் என்னும் அச்சம் மற்றொன்று. 2019இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட கல்லூரிச் சேர்க்கை மோசடியில், செல்வர் சிலர் தம் பிள்ளைகளுக்குப் பொய்யான மதிப்பீட்டைப் பெற்றுக் கூடுதல் நேரம் வாங்கியது மெய். பணம் படைத்தோர் உள்ள இடத்தில் அக்காவல் வேண்டும். சேத்தியாத்தோப்பைப் போன்ற ஊரில் அஞ்ச வேண்டியது அதற்கு நேர்மாறானது: உரியவர் கேளாமலே போவது. பொய்யரைத் தடுப்பதற்காக அமைத்த சான்றிதழ்ப் படிகள், பொய் சொல்லத் தெரியாதவரையே முதலில் தடுத்து நிறுத்துகின்றன.

இவ்வளவையும் கடந்து ஆணை பெற்ற மாணவர் அந்த ஒரு மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார் என்பதே இச்சொற்பொழிவு வலியுறுத்த விரும்பும் இடம். ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை எல்லாத் தேர்வையும் மற்றவரோடு சேர்ந்து மணியடித்ததும் முடித்தே பழகிய ஒருவருக்கு, பொதுத் தேர்வு நாளில் முதன்முறையாக நான்காவது மணி நேரம் தரப்படுகிறது. முதல் மூன்று மணியில் வழக்கமான அவசரத்தோடு எழுதி, தெரிந்ததை எல்லாம் அரைகுறையாக முடித்துவிட்டு, 1.15 மணிக்குப் பின் வெறுமையாக அமர்ந்திருப்பது அவருக்கு இயல்பாகிவிடும். கூடுதல் நேரம் கடைசியில் ஒட்டவைக்கும் துண்டன்று. அது நான்கு மணிக்கும் சேர்த்துப் பகுத்து வைக்கப்பட வேண்டியது. வினாவை இருமுறை வாசிப்பதற்கு எவ்வளவு, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு எவ்வளவு, நெடுவினாவுக்கு முன் குறிப்பெழுதிக்கொள்ள எவ்வளவு, எழுதியதைத் திருத்த எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் திறன் பயிற்சியால் மட்டுமே வரும். இங்கிலாந்தின் தேர்வு வாரியங்கள், மாணவர் வகுப்பிலும் பள்ளித் தேர்விலும் வழக்கமாகப் பயன்படுத்திவரும் ஏற்பாட்டையே பொதுத் தேர்விலும் ஏற்பதென்ற கொள்கையைக் கடைப்பிடிப்பதற்கு இதுவே காரணம். அங்கே பள்ளியின் அன்றாடப் பதிவே சான்றுகளில் ஒன்றாகிறது. இங்கே மருத்துவரின் கையொப்பம் எல்லாவற்றுக்கும் போதுமானதாகவும் பள்ளியின் அனுபவம் எதற்கும் தேவையற்றதாகவும் கொள்ளப்படுகிறது. மருத்துவர் அப்பிள்ளையைக் காண்பது சில மணி நேரம்; ஆசிரியர் காண்பது பத்தாண்டு.

சொல்வதை எழுதுபவர் விஷயத்திலும் இதே குறை உண்டு. எழுதுபவரைத் தேர்வமைப்பே தருமாயின் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக அவரைச் சந்திக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று 2018 நெறிமுறைகள் கூறின. இரண்டு நாளில் பெயரும் முகமும் தெரியும். ஒருவர் மனத்தில் தொகுத்து வாக்கியமாகச் சொல்ல, மற்றவர் சொல் பிசகாமல் எழுதும் பழக்கம் வந்துவிடாது.

பள்ளித் தேர்வில் கூடுதல் நேரம் தருவதில் உள்ள இடர்ப்பாடுகள் கற்பனையானவை அல்ல. பிற்பகல் தேர்வு ஒரு மணி நேரம் நீண்டால் ஊருக்குச் செல்லும் நகரப் பேருந்து போய்விடும். கட்டணமில்லாப் பேருந்து அட்டை வைத்திருக்கும் பிள்ளைக்கு அடுத்த வண்டி இருட்டிய பின்னரே வரலாம். ஓர் ஆசிரியர் கூடுதலாக அமர வேண்டும். மற்ற பிள்ளைகள் வெளியேறும் ஆரவாரத்தில் எழுதுபவரின் கவனம் சிதறும். எல்லாரும் போனபின் தனியே உட்கார்ந்திருப்பதை அவமானமாகக் கருதும் பிள்ளை, எழுத இருந்தும் தாளை நீட்டிவிடும். பொதுத் தேர்விலும் இதுவே நிகழ வாய்ப்புண்டு: விடைத்தாள்களைக் கட்டி முத்திரையிட்டு அனுப்பும் அவசரத்தில் உள்ளோர், வாயால் ஒன்றும் சொல்லாவிடினும், கடிகாரத்தைப் பார்க்கும் பார்வையாலேயே ஒரு பிள்ளையை எழுப்பிவிட முடியும். பங்குனி வெயிலில் காலை உணவோடு வந்து, மதியம் 2.15 வரை பசித்திருந்து எழுதுவதும் எளிதன்று.

இவற்றுக்கான தீர்வுகளும் சிறியவையே. நேரத்தைக் கடைசியில் சேர்ப்பதற்குப் பதிலாக முன்னதாகவே அவர்களைத் தொடங்கச் செய்தால் பேருந்துச் சிக்கல் தீரும். வேறு அறையில் அமர்த்தினால் ஆரவாரமும் கூச்சமும் தீரும். வகுப்புத் தேர்வில் நேரத்தைக் கூட்ட இயலாவிடில் வினாக்களில் நான்கில் ஒன்றைக் குறைத்து, அதே நேரத்தில் எழுதச் செய்யலாம். தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் பணியாற்றுகின்றனர். குறைபாடுகளைக் கண்டறிந்து பதிவு செய்வதற்கு ‘நலம் நாடி’ என்னும் செயலியும் பயன்பாட்டில் உள்ளது. ஆயினும் ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டியிருப்பதால், ஒரு பிள்ளையின் எழுத்து வேகத்தை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து குறித்துவைப்பது வகுப்பாசிரியராலேயே கூடும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்: ஒரே வினாத்தாளை மணியடிக்கும்வரை ஒரு நிற மையாலும் அதற்குமேல் மற்றொரு நிற மையாலும் எழுதச் சொன்னால், நேரத்தால் அப்பிள்ளை எத்தனை மதிப்பெண் இழந்துவந்தது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். 35 மதிப்பெண் தேர்ச்சிக்குரியதாக உள்ள முறையில், இருபத்தெட்டுக்கும் முப்பத்தெட்டுக்கும் உள்ள இடைவெளி மேல்நிலைப் பள்ளிக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் உள்ள இடைவெளியாகிவிடுவதை ஆசிரியர்கள் அறிவார்கள். இருநிற மையால் எழுதிய அத்தாள்கள், பெற்றோரைச் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ புறப்படச் செய்வதற்கு அறிவுரையைவிட வலிமை வாய்ந்த காரணமாகவும், மருத்துவக் குழுவின் முன் வைப்பதற்குரிய ஆவணமாகவும் உதவும்.

பொதுத் தேர்வுக்கான ஆணையை இயக்ககம் தருகிறது; சான்றிதழை மருத்துவக் குழு தருகிறது; பருவத் தேர்வுகளின் கால அட்டவணையும் பல வேளைகளில் மேலிடத்திலிருந்து வருகிறது. வகுப்புத் தேர்வும் அலகுத் தேர்வும் மட்டும் முழுக்க முழுக்கப் பள்ளியின் கையில் உள்ளவை. சேத்தியாத்தோப்பிலும் அதைச் சுற்றியும் உள்ள தலைமையாசிரியர்கள், மெதுவாக எழுதும் பிள்ளைகளுக்கு அடுத்த அலகுத் தேர்விலேயே மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் கூட்டித் தந்து, விளைவை ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்யத் தொடங்க வேண்டும்; அதற்கு அவர்கள் எவருடைய அனுமதியையும் பெற வேண்டியதில்லை.